கிரவல் ரோட்டில் ஏபிஎஸ்: 4 வருடச் சண்டை

போன கிழமை காரின் முன் இடது சில்லின் ஏபிஎஸ் சென்சரை மாற்றிவிட்டு வந்தேன். ஏபிஎஸ் என்பது பிரேக் அடிக்கும்போது சில்லு சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு. அன்று தொடக்கம் எனக்கும் காருக்கும் பழைய சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. அதே மாதிரிக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர், “ஏபிஎஸ் எப்படி?” என்று கேட்டிருந்தார். போனில் சொல்லி முடியாத கதை இது.

சின்ன ஜப்பான் கார், பழசு. என்னிடம் 4 வருடம். பெற்றோல் அதிகம் குடிக்காது, ஏசி நல்ல குளிர். அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

வீடு கிளிநொச்சியில், வயல் அக்கராயன் பக்கம். காப்பெற் வீதியை விட்டு வயலுக்கு இறங்கினால் முழுக்கக் கிரவல். ஒரு மாடு குறுக்கே வரும். பிரேக்கை அமத்தினால் பெடல் காலைத் திருப்பி உதைக்கும், அடியில் கடகடவென்று சத்தம் கேட்கும், கார் மட்டும் நிற்காது. மாடு என்னைப் பார்க்கும், நான் மாட்டைப் பார்ப்பேன்.

வெறும் பிரேக் என்றால் சில்லு பூட்டிக்கொண்டு கிரவலை உழும். முன்னால் குவிகிற மண்ணே காருக்கு அணையாகிவிடும். ஏபிஎஸ் சில்லைப் பூட்ட விடாது. வினாடிக்குப் பல தடவை பிடித்துப் பிடித்து விட்டால் மண் எங்கே குவியும்? ரோடு அலை அலையாகக் கிடக்கும் இடத்தில் இன்னும் மோசம். சில்லு துள்ளி அந்தரத்தில் இருக்கும்போது பிரேக் அதை நிறுத்திவிடும். வழுக்குகிறது என்று நினைத்து ஏபிஎஸ் பிடியைத் தளர்த்தும்.

ரொறொன்ரோவில் இருக்கும் மச்சானிடம் புலம்பினேன். “இதுக்கே கத்திறாய், ஸ்னோவில வந்து ஓடிப் பார்” என்று சிரித்தான். புதிதாகக் கொட்டிய ஆழமான பனியிலும் இதே கதைதானாம்: பூட்டிய சில்லு பனியைக் குவித்து நிற்கும், ஏபிஎஸ் உள்ள கார் இன்னும் கொஞ்சம் ஓடும். கனடாவுக்குப் போன முதல் வருடம் இங்கத்தைப் பழக்கத்தில் பெடலை விட்டு விட்டு அமத்தியிருக்கிறான். அது பிழை. ஒரேயடியாக அமத்திப் பிடிக்க வேண்டும், மிச்சத்தை ஏபிஎஸ் பார்க்கும். “அது நிப்பாட்டுறதுக்கு இல்லையடா, திருப்புறதுக்கு. நிக்கிறதுக்கு நல்ல ரயர் வேணும்” என்றான். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயமாம். நான் அக்கறையில்லாமல் ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தேன்.

மாரிச் சேற்றில் சென்சர் செத்தது. டாஷ்போர்டில் மஞ்சள் லைட். கராஜ் தம்பி, “பயப்பிடாதேங்கோ அண்ணை, பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் மட்டும்தான் படுத்திட்டுது” என்றான். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம். வயல் ரோட்டில் 40இல் போய் பிரேக் அடித்துக் கவடு வைத்து அளந்தேன்: 16. ஏபிஎஸ் வேலை செய்த காலத்தில் அதே இடத்தில் 20. மச்சானுக்கு உடனே வொயிஸ் அனுப்பினேன்.

அதுக்குப் பிறகு ஒரு பின்னேரம், வவுனியாவில் இருந்து வரும்போது கனகராயன்குளத்தில் நல்ல மழை. முன்னால் போன லொறி திடீரென்று நின்றது. அமத்தினேன். சில்லுகள் பூட்டின. ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்தேன், கார் அதைக் கணக்கெடுக்காமல் நேரே வழுக்கிக்கொண்டு போனது. லொறியின் பின்பலகையில் எழுதியிருந்த ஒவ்வோர் எழுத்தும் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு முழம் இருக்க நின்றது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினேன், மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. வழமையாக வாங்கும் கச்சானைக்கூட மறந்துவிட்டேன்.

அடுத்த நாளே புது சென்சருக்குச் சொல்லிவிட்டேன்.

சரி, வாங்கலாமா? இன்று காலை கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கும் என்று சொல்லியிருப்பேன். மத்தியானம் வயலால் திரும்பும்போது ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. அதே உதை, அதே கடகட, ஆட்டைத் தாண்டிப் போய்த்தான் கார் நின்றது. ஆட்டின் கெட்டித்தனத்தில் அது தப்பியது. இப்போது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மழை பெய்கிற நாளாகப் பார்த்துத் திரும்பக் கேளும்.