கொலாஜன் பெப்டைட்: ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த அனுபவம்

வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் வரை ஓடுகிற ஆள் நான். ஓடுவதைவிட மறுநாள் காலை படியிறங்குவதுதான் பெரும்பாடு. குதிக்காலுக்கு மேலே தசைநாண் விறைத்துப்போயிருக்கும். அதற்காகத்தான் கொலாஜன் பெப்டைட் மாவை, அதாவது மாடு, மீன் போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிறு துண்டுகளாக்கிய மாவை, வாங்கத் தொடங்கினேன்.

டப்பாவில் 'தசை மீட்சி' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். தொடை, கெண்டைக்கால் நோவில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. புரதம் கட்ட உடம்புக்கு உணவிலிருந்தே கிடைக்கவேண்டிய டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கொலாஜனில் கிடையவே கிடையாது. தசை கட்டும் வேலையைத் தொடக்கிவைக்கிற லியூசினும் குறைவு. அதற்கு முட்டையோ மீனோ பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனோதான் சரி.

தசைநாண் கதை வேறு. 2017இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், வைட்டமின் சி கலந்த 15 கிராம் ஜெலட்டினை (கொலாஜனைக் காய்ச்சி எடுப்பது) குடித்து, ஒரு மணித்தியாலம் கழித்து 6 நிமிடம் கயிறடித்தவர்களின் இரத்தத்தில் கொலாஜன் உருவாவதைக் காட்டும் குறி இரட்டிப்பானது. பங்கெடுத்தவர்கள் 8 ஆண்கள் மட்டுமே. நானும் அதே கணக்கில், ஓடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு குடித்தேன். சில மாதங்களில் விறைப்பு நன்றாகக் குறைந்தது.

ஆனால் அதே காலத்தில் ஃபிசியோ சொன்னபடி படி விளிம்பில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்கும் பயிற்சியும் செய்துவந்தேன். இடையில் விலை கூடியதால் கொஞ்சக்காலம் மா வாங்கவில்லை, பயிற்சியை மட்டும் தொடர்ந்தேன். விறைப்பு திரும்பி வரவில்லை! அதனால் என் கணக்கில் பெரும்பங்கு படிக்கட்டுக்குத்தான்.

ஜிம்மில் சிலர் காயம் ஆறுவதற்கென்று ஊசியாக ஏற்றும் பெப்டைட்டுகளைப் (சிறு புரதத் துண்டுகளை) பற்றியும் பேசுவார்கள். பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு. எலிகளில் நிறைய ஆய்வு இருக்கிறது, மனிதரில் மிகச் சொற்பம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமான வாடா அதை 2022இலிருந்து தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது, டிபி-500 என்ற இன்னொரு ஊசிப் பெப்டைட்டும் தடைசெய்யப்பட்டதுதான். போட்டிக்கு ஓடாத எனக்கே அந்தக் குப்பியில் உண்மையில் என்ன இருக்கிறதோ என்ற பயம் போதும், தொடவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பல டப்பாக்களில் இருப்பது மாட்டுக் கொலாஜன். எங்கள் வீட்டில் அது சரிவராது என்பதால் மீனில் எடுத்ததை வாங்குகிறேன். தேத்தண்ணியில் கலந்தால் மெல்லிய மீன் வாடை வரும், தேசிக்காய்த் தண்ணீரில் தெரியாது.