ஹீப் 4: மீதி இருக்கிறது, ஆனால் கிடைக்காது

சிறிய சிப்களில் ஓடும் இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஹீப் 4 எப்படி என்று யார் கேட்டாலும் முதலில் எனக்கு நல்ல வார்த்தைதான் வருகிறது. பேச்சு நீண்டால், எவ்வளவு நினைவகம் மீதி என்று அது சொல்லும் எண் ஞாபகத்துக்கு வந்துவிடும், குரல் ஏறிவிடும். அண்மையில் உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர், "அண்ணா, புது போர்டுக்கு ஹீப் 4 போதும்தானே?" என்று கேட்டபோதும் இதுவே நடந்தது. பாதியில் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஐந்து ஹீப் கோப்புகளின் வேறுபாடு இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு: ஹீப் 1 நினைவகத்தைக் கொடுக்கும், திரும்ப வாங்காது. 2 வாங்கும், ஆனால் அடுத்தடுத்த காலித் துண்டுகளை ஒட்டாது. 3 என்பது கம்பைலரோடு வரும் மால்லாக்குக்கு, அதாவது நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷனுக்கு, போட்ட பூட்டு. 4 வாங்கும், ஒட்டவும் செய்யும். அதையே தனித்தனி ரேம் பகுதிகளுக்கு விரித்தால் 5. என் போர்டில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 என்ற சிப், 20 கிலோபைட் ரேம். அதில் பாதியை, 10,240 பைட்டை, ஹீப்புக்குக் கொடுத்திருக்கிறேன். கிணற்று மோட்டாரை எஸ்எம்எஸ் மூலம் ஓட்டுவது, நிறுத்துவது, மின்சாரம் போனதையும் வந்ததையும் குறித்து வைத்துக் கேட்டபோது சொல்வது, இவ்வளவுதான் அதன் வேலை.

முதலில் பாராட்டு. ஹீப் 4-இன் மூலக் கோப்பை ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம்; படித்தால் புரியும். காலித் துண்டுகளை முகவரி வரிசையில் ஒரு சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்தால், சங்கிலியில் அதன் இடத்தைத் தேடி, முன்னால் இருப்பது ஒட்டுமா, பின்னால் இருப்பது ஒட்டுமா என்று பார்த்துச் சேர்த்துவிடும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் 8 பைட்: அடுத்த துண்டின் முகவரி ஒன்று, அளவு ஒன்று. அந்த அளவு எண்ணின் உச்சி பிட்டையே 'கொடுத்தாயிற்று' என்பதற்கு அடையாளமாக வைத்திருப்பதால், அசர்ட் என்ற தவறு பிடிக்கும் சோதனையைப் போட்டு வைத்திருந்தால், ஒரே துண்டை இரண்டு முறை திருப்பிக் கொடுக்கிறவர் பெரும்பாலும் கையும் களவுமாகப் பிடிபடுவார். வேலை நடக்கும் நேரத்தில், எந்த டாஸ்க் (நிரலின் தனித்தனி வேலை) எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலரை மட்டும் நிறுத்தி வைக்கிறது; வன்பொருள் இடையில் புகுந்து கூப்பிடும் இன்டரப்டுகளைத் தொடுவதில்லை. கச்சிதமான வேலை. சிறிய தேவைகளில் கொஞ்சம் கொழுப்பு உண்டு: 1 பைட் கேட்டாலும் தலைப்புக்கு 8 சேர்த்து, 8-இன் மடங்காக உயர்த்தி, 16 பைட்டை எடுத்துக்கொள்ளும். அதில் எனக்குக் குறை இல்லை.

குறை அந்த எண்ணில்தான். ஹீப்பில் எவ்வளவு மீதி என்று கேட்க ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு நிலைச் செய்தியின் கடைசியிலும் வருமாறு வைத்திருந்தேன்: "மோட்டார் நிற்கிறது. மூன்று ஃபேஸும் உண்டு. மீதி 3112." நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு விவசாயி அழைத்தார். "நிலை கேட்டால் பதில் வருகிறது சார், நேற்றைய கரண்ட் விவரம் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது" என்றார். நிலைச் செய்திக்கு 160 பைட் போதும். விவரப் பட்டியலுக்கு 600 பைட் வேண்டும். போர்டு அந்த 600-ஐக் கேட்கிறது, ஹீப் இல்லை என்கிறது. அதே நிமிடத்தில், அதே போர்டு, மூவாயிரத்துச் சொச்சம் பைட் மீதி என்று செய்தி அனுப்புகிறது!

பாகப்பிரிவினை முடிந்த குடும்பத்தின் நிலம் மாதிரி: பட்டாக்களைக் கூட்டினால் மூன்று ஏக்கர் வரும், டிராக்டர் திருப்ப ஓரிடம் இருக்காது.

உள்ளே நடந்தது இதுதான். மோடத்திலிருந்து வரும் வரிகளுக்கு நீளம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு வரிக்கு 400 பைட் வாங்கி அது உயிரோடு இருக்கும் நேரத்தில், மின்சாரம் போகிறது. அந்த நிகழ்வுக்கு 24 பைட் வாங்கப்படுகிறது, தலைப்போடு 32. மோடம் வரி முடிந்து 400-ஐத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த 32 பைட், உரிமையாளர் விவரம் கேட்டு வாங்கும்வரை நகராது. ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் காலியிடம் தயாராக இருந்தும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஹீப் 4 சங்கிலியில் முதலில் பொருந்தும் துண்டை எடுக்கும் ரகம். அடுத்த 24 பைட் தேவை வரும்போது, முகவரி வரிசையில் முதலில் இருப்பது பெரிய காலித் துண்டாக இருந்தால் அதையே கடிக்கும். சிறிய துண்டு பின்னால் சும்மா கிடக்கும். இருப்பதில் மிகப் பொருத்தமானதைத் தேடி எடுப்பது ஹீப் 2-இன் பழக்கம். அதற்கு ஒட்டத் தெரியாது. ஒட்டத் தெரிந்தவருக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

இதற்கு நான் ஹீப் 4-ஐக் குறை சொல்வது நியாயமா என்று கேட்பார்கள். நீண்ட நாள் இருப்பதையும் உடனே போவதையும் ஒரே ஹீப்பில் கலந்தால் எந்த மால்லாக்கும் இப்படித்தான் சிதறும், உண்மை. வாங்கவும் கொடுக்கவும் ஆகும் நேரம் நிலையானதல்ல என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், அதுவும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலில் கைக்குக் கிடைப்பது மொத்த மீதியைச் சொல்லும் ஃபங்ஷன். அதற்கு அடுத்துக் கிடைப்பது, இதுவரை மீதி எவ்வளவு தாழ்வாகப் போனது என்று சொல்வது. அதுவும் மொத்தக் கணக்குதான். இரண்டு எண்ணும் பொய் சொல்வதில்லை. கேட்டால் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதிலும் சொல்வதில்லை. இருப்பதிலேயே பெரிய காலித் துண்டு எவ்வளவு, எத்தனை காலித் துண்டுகள் என்றெல்லாம் சொல்லும் புள்ளிவிவர ஃபங்ஷன் பிற்பாடுதான் வந்தது. அது நல்ல ஃபங்ஷன். ஹீப் 4, 5 வைத்திருப்பவர்கள் பழைய இரண்டையும் மறந்துவிட்டு அதை மட்டும் பாருங்கள். மால்லாக் தோற்றால் நம் ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிடும் ஹுக் ஒன்றும் உண்டு. நாமாகப் போய் ஆன் செய்யாவிட்டால் அது இல்லாததற்குச் சமம், ஆன் செய்துவிடுங்கள்.

சின்னச் சின்ன எரிச்சல்கள் வேறு உண்டு. தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் டாஸ்க்கின் ஸ்டாக்கை (அதற்கென ஒதுக்கிய நினைவகத்தை), வேறு வேலை இல்லாதபோது மட்டும் ஓடும் ஐடில் டாஸ்க்தான் திருப்பிக் கொடுக்கும். அதைவிட முன்னுரிமை உள்ள ஒரு டாஸ்க் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நினைவகம் வரவே வராது. தசம எண்ணை அச்சிட, நியூலிப் என்ற சி நூலகத்தின் ஸ்பிரின்ட்எஃப் ஃபங்ஷன் தனக்கென்று ஒரு மால்லாக் வைத்திருக்கிறது. ரேமில் இரண்டு ஹீப் ஓடுவது பலருக்குத் தெரியாது. இவற்றுக்காக நான் யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டேன்.

எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரே அளவுப் பெட்டிகள். இதே வகை இயங்குதளங்களான த்ரெட்எக்ஸில் பிளாக் பூல் என்று இருக்கிறது, செஃபிரில் மெமரி ஸ்லாப் என்று இருக்கிறது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸிலும் தொடக்க காலத்தில் அளவுவாரியாகப் பூல் இருந்தது. சிறிய சிப்களில் ரேம் வீணாகிறது என்று எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்குப் பதில் ஒரு சிறிய பூலைத் தனியாக விட்டு வைத்திருக்கலாம்.

அதை, டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்கும் வரிசையான கியூவை வைத்தே செய்துகொள்ளலாம் என்பது நான் எதிர்பாராத இனிப்பு. 640 பைட் வீதம் நான்கு பஃபர்களை ஸ்டாட்டிக்காக, அதாவது ஹீப்பைக் கேட்காமல் முன்கூட்டியே, அறிவித்து, அவற்றின் முகவரிகளை ஒரு கியூவில் போட்டுவிட வேண்டும். பஃபர் வேண்டுமென்றால் கியூவிலிருந்து எடுப்பது, முடிந்ததும் கியூவில் போடுவது. எல்லாம் வெளியே போயிருந்தால் டாஸ்க் அங்கேயே காத்திருக்கும். 'இல்லை' என்று முகத்தில் அடிக்காது. இன்டரப்டுக்குள்ளிருந்தும் எடுக்கலாம், அதற்கான கியூ ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஹீப் 4-இல் இன்டரப்டிலிருந்து வாங்கும் பேச்சே கிடையாது. 20 பைட் பதிலுக்கும் 640 பைட் போகிறதே என்றால், போகட்டும். போனது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று விரல் விட்டுச் சொல்லலாம்.

ஆகவே புது போர்டுக்கு என் பதில்: ஹீப் 4 வேண்டாம். ஹீப் 1 போடுங்கள். டாஸ்க், கியூ எல்லாவற்றையும் ஷெட்யூலர் கிளம்புமுன் உருவாக்கிவிடுங்கள். இடம் போதவில்லையென்றால் மேசையில் இருக்கும்போதே தெரிந்துவிடும், வயலில் இருக்கும்போது அல்ல. 2016-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காகவே உருவாக்க வழி இருக்கிறது, அப்போது ஹீப் கோப்பே வேண்டியதில்லை. ஐடில் டாஸ்க்குக்கும் நாமே நினைவகம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய போர்டுகளில் நிகழ்வுப் பதிவுகளை மட்டும் ஒரு ஸ்டாட்டிக் வரிசைக்கு மாற்றினேன். நிலைச் செய்தியின் கடைசியில் இப்போது மொத்த மீதிக்குப் பதில் பெரிய துண்டின் அளவு வருகிறது. ஹீப் 4 அங்கே இன்னும் இருக்கிறது. அதன் பிறகு ஒரு புகாரும் வரவில்லை, அதை எடுக்கும் எண்ணமும் இல்லை. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். புது போர்டில் மட்டும் அதற்கு இடமில்லை.