வறட்சிக்கு யூரியா வெல்லப்பாகுக் கட்டி: பயன்படுத்திப் பார்த்ததில்

பசுந்தீவனம் முற்றிலும் அற்றுப்போய் வைக்கோல் மட்டுமே மிஞ்சிய இக்கோடையில், எங்கள் இரு கறவை மாடுகளுக்காக மாடு நக்கித் தின்னும் யூரியா வெல்லப்பாகு தாது உப்புக் கட்டியை, மூன்று கிலோ எடையில், வாங்கினேன். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். கட்டியிலுள்ள யூரியாவிலிருந்து அசையூண் வயிற்று (மாட்டின் முதல் இரைப்பை) நுண்ணுயிரிகள் தமக்கு வேண்டிய புரதத்தை உருவாக்கிக்கொண்டு பெருகுவதால், நார்ச்சத்து நன்கு செரித்து மாடும் கூடுதலாக வைக்கோல் தின்கிறது. ஒரு கட்டி ஐந்து நாள் வந்தது. கழித்துவிடும் வைக்கோல் குறைந்தது. பால் கூடவில்லை, ஆனால் மேலும் சரியவில்லை, அதுவே எனக்குப் போதும்.

கலப்புத் தீவனத்தை அடியோடு நிறுத்த இது உதவாது. அதன் செலவைச் சற்றே குறைக்கலாம், அவ்வளவுதான். கட்டியை உடைத்தோ நீரில் கரைத்தோ கொடுத்தால் யூரியா ஒரேயடியாக உள்ளே போய் நஞ்சாகலாம்; ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்; குடிநீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். இத்தனை எச்சரிக்கை தேவைப்படும் பொருளின் உறையில் யூரியாவின் அளவைக்கூட அச்சிடாதது பெருங்குறை. வைக்கோலே இல்லாதவர்கள் இதை வாங்கிப் பயனில்லை.