அந்தப் பத்து இலக்கப் பெட்டி

இந்தத் தடவை ஊருக்குப் போய் வந்ததில் ரோடு, ரயில், பணம் எடுக்கிற மெஷின் எல்லாமே முன்பைவிட நன்றாக இருந்தன. குறை சொல்ல மனசு வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் மூன்று வாரமும் படுத்தி எடுத்தது, பொது இடங்களில் இருக்கிற இலவச வைஃபை. அடுத்து போகிறவர்கள் என்னைப் போல ராத்திரி மூன்று மணிக்கு டிராலியைப் பிடித்துக்கொண்டு தவித்து நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் 14 வருஷமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். என் ஜெர்மன் பிளானில் இந்தியாவுக்கு டேட்டா ரோமிங் கிடையாது. போட்டால் எம்பி கணக்கில் யூரோ பறக்கும். அதனால் விமானத்தில் ஏறும்போதே டேட்டாவை அணைத்துவிடுவேன். இறங்கியதும் ஏர்போர்ட் வைஃபையில் ஏறி, சித்தப்பா பையனை வாட்ஸ்அப்பில் கூப்பிடுவதாக ஏற்பாடு. அவன் வண்டியோடு வெளியே எங்கேயோ நிற்கிறான், எந்த வாசலில் என்று தெரியாது.

வைஃபை பெயர் பளிச்சென்று தெரிந்தது. சிக்னல் முழுசாக இருந்தது. தொட்டதும் ஒரு பக்கம் திறந்தது. மொபைல் நம்பரைப் போடுங்கள், ஓடிபி வரும் என்றது. நம்பர் போடுகிற பெட்டிக்கு முன்னால் +91 என்று இருந்தது. அதைத் தொட்டால் அசையவில்லை, வேறு நாட்டை எடுக்க வழியில்லை. என் ஜெர்மன் நம்பர், முன்னால் இருக்கிற சைபரைத் தள்ளினாலும் 11 இலக்கம். பத்து விழுந்ததும் பெட்டி நிறைந்துவிட்டது. 11ஆவதை எத்தனை தடவை அழுத்தினாலும் உள்ளே போகவில்லை.

தூக்கக் கலக்கத்தில் விரல் தானாகவே பழைய இந்திய நம்பரைப் போட்டுவிட்டது. கல்லூரி நாளிலிருந்து வைத்திருந்த நம்பர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "ஓடிபி அனுப்பப்பட்டது" என்று வந்த பிறகுதான் உறைத்தது. அந்த நம்பர் இப்போது என்னுடையது இல்லை. கொரோனா சமயத்தில் ரெண்டு வருஷம் ஊருக்கு வர முடியவில்லை, ரீசார்ஜும் செய்யவில்லை, போய்விட்டது. பிரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் வைத்திருந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுக்கிறார்கள். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன கணக்கு இது. அந்த அர்த்த ராத்திரியில் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய போன் என்னால் மணியடித்திருக்கும். இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "என்னம்மா, நெட்டு ஏறலியா? என் நம்பரப் போட்டுக்க. தெனம் நாலு பேருக்கு இப்படித்தான் போட்டுத் தர்றேன்." இடுப்புப் பையிலிருந்து பழைய பட்டன் போனை எடுத்தார். நம்பரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் போட்டேன். அரை நிமிஷத்தில் டிங் என்றது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்று போனை என் கையிலேயே கொடுத்துவிட்டார். திறந்து பார்த்தேன். ஒரே இடத்திலிருந்து வந்த மெசேஜ்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, திரை முழுக்க. ஒவ்வொன்றிலும் ஒரு ஆறு இலக்க எண். கடைசி வரியில், இதை யாரிடமும் பகிராதீர்கள் என்ற எச்சரிக்கை.

வைஃபை கிடைத்தது. தம்பியைப் பிடித்தேன். வீடு போய்ச் சேர்ந்தேன். ஆனால் அந்தத் திரை கண்ணை விட்டுப் போகவில்லை.

இந்த ஓடிபி ஏன் வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சற்று முன்னால் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் பூட்டாமல் வைத்திருந்த வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அந்த வீட்டுக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே வருஷம் நவம்பரில் மும்பைத் தாக்குதல். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. பொது இடத்து வைஃபையை யார் பயன்படுத்தினார் என்று தெரிய வேண்டும், அந்த விவரத்தை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்கு ரெண்டு வழி சொல்லியிருந்தார்கள். போட்டோ போட்ட அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொள்ளலாம், அல்லது மொபைலுக்கு எஸ்எம்எஸ்ஸில் கடவுச்சொல் அனுப்பலாம்.

முதல் வழி யாருக்கு? பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான். ஆனால் வைஃபை வைக்கிற இடங்கள் பெரும்பாலும் ரெண்டாவது வழியை மட்டும் பிடித்துக்கொண்டன. ஆள் போட வேண்டாம், நகல் எடுத்து அடுக்க வேண்டாம், மெஷினே பார்த்துக்கொள்ளும்.

விளைவு என்ன? அன்று ராத்திரி நான் வைஃபையில் ஏறியது அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் நம்பரில் பதிவாகியிருக்கிறது. அவருடைய நம்பரில் தினம் நாலு பேர் ஏறுகிறார்கள். அதில் ஒருத்தன் தப்பானவனாக இருந்தால் போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? வைஃபையே பயன்படுத்தத் தெரியாத, பட்டன் போன் வைத்திருக்கிற ஒரு அம்மா வீட்டுக் கதவை. நவி மும்பைக்காரருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்று கொண்டுவந்த விதி, அதே ஆபத்தை இப்போது ஒரு ஏழைத் தொழிலாளியின் தலையில் கட்டுகிறது. இரக்கப்பட்டு உதவுகிறவர்தான் மாட்டுவார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவர் நம்பரை என் போனிலிருந்து அழித்தேன். பதிவேட்டிலிருந்து அழிக்க என்னால் முடியாதே.

வழி இல்லாமல் இல்லை. டெல்லி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தால் வைஃபை கூப்பன் அச்சடித்துக் கொடுக்கிற கியாஸ்க் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு விமானம் இறங்குகிற எல்லா ஊரிலும் அப்படி ஒன்று கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால் போதும். குறைந்தபட்சம் அந்த +91ஐத் தொட்டால் திறக்கிற மாதிரியாவது செய்யலாம்.

ஜெர்மனி மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். நான் போன புதிதில் அங்கே கஃபேக்களில் வைஃபையே அபூர்வம். கடையின் வைஃபையில் எவனாவது திருட்டுப் படம் இறக்கினால் கடைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், அந்த பயத்தில் யாரும் திறந்து வைக்கவில்லை. 2017இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பொறுப்பை நீக்கினார்கள். இப்போது அங்கே ரயிலில் நிபந்தனையை ஏற்கிறேன் என்று ஒரு டிக் போட்டால் வைஃபை வந்துவிடுகிறது. நம் ஊருக்கு அவ்வளவு திறப்பு வேண்டாம் என்றால் அதையும் ஒத்துக்கொள்கிறேன். அடையாளம் கேளுங்கள், என்னுடைய அடையாளத்தைக் கேளுங்கள்.

மறுநாள் என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் சுவரில் இலவச வைஃபை என்று போர்டு. துபாயில் இருக்கிற அண்ணன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருப்பான். போன் வைஃபையில் இணைந்துவிட்டது, இன்டர்நெட் இல்லை என்றது. இந்தத் தடவை நம்பர் கேட்கிற பக்கமே திறக்கவில்லை. ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "அது ரொம்ப நாளாவே அப்படித்தான்க்கா, நாங்க யாருமே அதுல ஏர்றதில்ல. என் ஹாட்ஸ்பாட் போட்டு விடறேன், வாங்க" என்றாள்.

அவள் சொன்னதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை தரைமட்டத்துக்கு இறங்கிய பிறகு உள்ளூர்க்காரர்களுக்குப் பொது வைஃபை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. யாரும் ஏறாததால் கெட்டுப்போனாலும் யாருக்கும் தெரிவதில்லை. 2018இல் வந்த தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை 2022க்குள் ஒரு கோடி பொது ஹாட்ஸ்பாட் என்று இலக்கு வைத்தது. டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் வைஃபை விற்கலாம் என்று 2020 டிசம்பரில் பிஎம்-வாணி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒரு கோடிக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கம் திறக்காததற்குப் பாதிக் காரணம் என் போனிலும் இருந்தது. தம்பி உட்கார்ந்து பார்த்துச் சொன்னான். ஆபீஸ் வேலைக்காகப் போட்ட விபிஎன், அதாவது நெட் போக்குவரத்தைப் பூட்டி வேறு சர்வர் வழியாக அனுப்புகிற ஆப், ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் நம்பர் கேட்கிற பக்கம் பல நேரம் வராது. இணைய முகவரியைத் தேடித் தருகிற சர்வரை நாமே தேர்ந்தெடுக்கிற பிரைவேட் டிஎன்எஸ் போட்டு வைத்திருந்தாலும் அப்படியே. ரெண்டையும் அணைத்துவிட்டு, பிரவுசரில் எச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் எச்டிடிபியில் தொடங்குகிற ஏதாவது ஒரு முகவரியைப் போட்டால் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, புதுப் போன்கள் வைஃபைக்குத் தங்களை அடையாளம் காட்டுகிற உண்மையான எண்ணை (மேக் அட்ரஸ்) காட்டாமல் மாற்று எண் காட்டும். அது இடையில் மாறினால் நேற்று ஓடிபி போட்ட போனையே இன்று புது ஆளாக நினைத்து மறுபடி கேட்கும். அடிக்கடி போகிற இடம் என்றால் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் இதை நிறுத்தி வைக்கலாம்.

மூன்றாம் நாள் கடைத்தெருவில் சிம் வாங்கினேன். என்னிடம் ஆதார் இருந்ததால் கைரேகை வைத்ததும் வேலை முடிந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் பாஸ்போர்ட்டோடு போங்கள், உள்ளூர்ச் சொந்தக்காரர் ஒருவரையும் கூட்டிப்போங்கள். சிம் வந்த பிறகு எல்லா வைஃபைக் கதவும் திறந்தது. ரயில் நிலையத்து ரயில்வயர் வைஃபை முதல் அரை மணி நேரம் இலவசம், நன்றாகவே ஓடியது. 2016இல் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து தொடங்கியது, கூகுள் விலகிய பிறகும் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல் விடாமல் நடத்துகிறது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு அம்மாவின் போட்டோவை அனுப்பினேன். ஆனால் கையில் சிம்மும் டேட்டாவும் இருந்ததால் அப்போது எனக்கு அந்த வைஃபை தேவைப்படவே இல்லை.

கிளம்பும்போது சிம்மைக் கழற்றி அம்மாவின் பட்டன் போனில் ரெண்டாவது ஓட்டையில் போட்டுவிட்டு வந்தேன். இந்த நம்பரையும் தொலைக்க மனசில்லை. மாசம் ஒருமுறை முக்குக் கடையில் ரீசார்ஜ் செய்துவிட்டு அம்மா எனக்குப் போன் பண்ணுகிறாள். போன வாரமும் பண்ணினாள். "ஒன் நம்பருக்குப் போட்டாச்சுடி. நேத்து அதுல யாரோ ராங் கால் பண்ணாங்க, எடுத்துப் பேசிட்டேன், வேலை செய்யுது."