கிம்லட்டா, டைகிரியா, இல்லாட்டி எங்கட சாராயமா?

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டல் மெனுவைத் திறந்தா, ரம்மில தேசிக்காயும் புதினாவும் போடுற மொஹீட்டோதான் முன்னுக்கு நிக்கும். வீட்டில நான் அதை விட்டிட்டன், மார்க்கட்டில வாங்கின புதினா பைக்குள்ள கிடந்தே தலையைத் தொங்கப் போட்டிடும், சித்திரை வெயில்ல கேக்கவே வேணாம். அதால இது மிச்சம் ரெண்டு தேசிக்காய்க் கொக்டெயிலுக்கும் நடக்கிற சண்டை, கிம்லட்டும் டைகிரியும். ரெண்டிலயும் கிடக்கிறது ஒண்டுதான், தேசிக்காய், இனிப்பு, அதோட ஒரு போத்தல். கிம்லட்டுக்கு ஜின், டைகிரிக்கு வெள்ளை ரம்.

கிம்லட் கதை எங்கட ஊருக்குக் கொஞ்சம் கிட்ட. 1867ல பிரிட்டிஷ் வணிகக் கப்பல்ல போறவைக்கு ஸ்கேர்வி (விற்றமின் சி இல்லாம முரசால ரத்தம் வாற வருத்தம்) வராம இருக்க தேசிக்காய்ச் சாறு குடுக்கவேணும் எண்டு சட்டம் வந்தது, அதே வருசம் ஸ்கொட்லாந்தில லோக்லின் ரோஸ் எண்டவர் மதுசாரம் கலக்காம சீனியாலயே சாறைப் பழுதாகாம வைக்கிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார், ரோஸஸ் கோடியல், அதுதான் சீனி போட்ட தேசிக்காய்ச் சாறு, அங்கயிருந்துதான் வந்தது. நேவியில சாதாரண ஆக்களுக்கு ரம், ஒஃபிசர்மாருக்கு ஜின், அந்த ஜின்னுக்குள்ள இந்தக் கோடியல் விழுந்தா கிம்லட். பேருக்கு ரெண்டு கதை சொல்லுவினம், கிம்லெட் எண்ட நேவி டொக்டர் குடுத்ததாம் எண்டு ஒண்டு, பீப்பாய்க்கு ஓட்டை போடுற சின்னத் துறப்பணத்தின்ட பேர் எண்டு மற்றது. ஓர்ஸ் ஹில்ல நிண்டு உள்துறைமுகத்தைப் பாக்கேக்க நான் நினைக்கிறது, 1957ல பிரிட்டிஷ் நேவி தளத்தை விட்டிட்டுப் போகுமட்டும் இந்தத் தண்ணியில நிண்ட கப்பல்கள்ல எத்தினை கிளாஸ் கிம்லட் ஓடியிருக்கும் எண்டுதான்.

டைகிரி கியூபாக்காரி. சான்டியாகோவுக்குக் கிழக்கால டைகிரி எண்டு ஒரு சுரங்க ஊர், 1898 அளவில அங்க வேலை செய்த அமெரிக்க இஞ்சினியர் ஜெனிங்ஸ் கொக்ஸ் வீட்டுக்கு ஆக்கள் வந்த நேரம் ஜின் முடிஞ்சு போச்சாம், கையில கிடந்த ரம்மில தேசிக்காயும் சீனியும் போட்டுக் குடுத்தாராம். கதை எவ்வளவுக்கு உண்மையோ, அதை வொஷிங்டன் வரைக்கும் 1909ல கொண்டுபோனதும் ஒரு நேவி டொக்டர்தான், லூசியஸ் ஜோன்சன். ரெண்டு கிளாஸுக்குப் பின்னாலயும் நேவி டொக்டர்மார், மருந்து குடுக்கிற நேரத்தில என்ன செய்துகொண்டு இருந்தவையோ!

சரி, செய்து பாத்தா எப்பிடி. கிம்லட்டுக்கு 1930 அளவில லண்டன் சவோய் ஹோட்டல் கணக்கு ஜின்னும் கோடியலும் பாதிக்குப் பாதி, இண்டைக்குக் குடிச்சா பல் கூசும், நான் 60 மில்லிக்கு 25 விடுவன். கடைக் கோடியல் வேணாம். நாலு தேசிக்காயின்ட பச்சைத் தோலை மெல்லிசாச் சீவி (வெள்ளைப் பகுதி வரப்படாது, கைக்கும்) ஒரு கப் சீனியில பிசைஞ்சு இரவு விட்டா விடியக் காத்தால சீனி ஈரமாகி வாசம் தூக்கும், அதில ஒரு கப் சாறு விட்டு இளஞ்சூட்டில கரைச்சு வடிச்சா சரி, பிரிட்ஜில ரெண்டு கிழமை நிக்கும். ஒரு போத்தல் அடிச்சு வச்சா நிம்மதி. கரண்ட் போற நாள்லயும் கிம்லட் கைவிடாது, போத்தலும் கோடியலும் குளிரா இருந்தா கொஞ்ச ஐஸோட கிண்டியே குடிக்கலாம்.

டைகிரி அப்பிடி இல்லை, ஐஸ் இல்லாட்டி டைகிரியே இல்லை. முதல் தரம் நான் ஷேக்கர் இல்லாம ஜாம் போத்தல்ல சீனியை அப்பிடியே போட்டுக் குலுக்கினன், மூடி கழண்டு பாதி சுவரில, மிச்சம் குடிச்சா அடியில சீனி மணல் மாதிரிப் பல்லில கடிபடுது, விடிய எழும்பிப் பாத்தா சுவர் முழுக்க எறும்பு ஊர்வலம், மனிசி ஒண்டும் சொல்லேல்ல, துணியை மட்டும் கையில தந்தா. அதுக்குப் பிறகு ஒரு கப் சீனி ஒரு கப் சுடுதண்ணி, ஆறவச்ச பாகுதான். 60 மில்லி ரம், 20 சாறு, 15 பாகு, அளக்கிறதுக்கு பிள்ளையளின்ட சிரப் போத்தலோட வாற கப் போதும். ஐஸ்கிறீம் டப்பாவில தண்ணி உறைய வச்சு அம்மிக் குழவியால உடைச்ச பெரிய துண்டுகள் போடுங்கோ, தட்டு ஐஸ் நொடியில கரைஞ்சு தண்ணியாக்கிப் போடும்.

இனித்தான் என்ட கட்சி. ஜின் இல்லாததாலதான் ரம் உள்ள வந்தது, அப்ப ரம்முக்கு விலை குடுத்து மாளாத எங்களுக்கு தென்னஞ்சாராயம் ஊத்தினா என்ன பிழை? பழைய சாராயத்தை வைக்கிற பீப்பாய்க்கே சாவண்டலை மரம்தான், சிங்களத்தில ஹல்மில்ல, வெள்ளைக்காரன் அதுக்கு வச்ச வியாபாரப் பேர் ட்ரிங்கோமலி வூட். கள்ளில மட்டும் வடிச்ச போத்தலாப் பாத்து எடுங்கோ, மலிஞ்சதில வேற ஸ்பிரிட் கலந்திருக்கும், தேசிக்காய் அதைக் காட்டிக் குடுத்திடும். ரம், ஜின்னெல்லாம் 40 வீதம் அளவில, சாராயம் 35க்கு அங்கால இங்கால, அதால ரம்மை 15 செக்கன் குலுக்கினா இதை 10 செக்கனோட நிப்பாட்டுங்கோ, இல்லாட்டிச் சப்பெண்டு போயிடும்.

கோடியல் சாராயத்துக்குச் சரிவராது, நான் விட்டுப் பாத்து ஊத்திக் கொட்டினவன். சொதியை அடுப்பால இறக்கினாப் பிறகுதானே தேசிப்புளி விடுறம், கொதிக்கேக்க விட்டா அந்த வாசம் போச்சு. சாராயமும் அப்பிடித்தான், அதுக்குப் பச்சைச் சாறு வேணும், பிழிஞ்ச கையோட விடவேணும். ஜின்னுக்குத்தான் சூடு காட்டின கோடியல் பொருந்தும்.

வழமையா சாராயத்துக்கு சோடா மட்டும் விடுற முன்வீட்டு அண்ணைக்கு ஒரு நாள் மூண்டையும் வரிசையா வச்சன். கிம்லட்டைக் குடிச்சிட்டு "டேய் தம்பி, இது சவர்க்கார வாசமெல்லோ" எண்டார். ரம் டைகிரிக்கு ஒண்டும் சொல்லேல்ல. சாராயத்தைக் குடிச்சு முடிச்சிட்டு, "இதில சாராயம் விட்டனியோ, தேசிக்காய்த் தண்ணியோ?" எண்டு கிளாஸைத் திரும்ப நீட்டினார், அதுதான் இந்தக் கிளாஸின்ட ஆபத்தும், ரெண்டோட மூடி வச்சிட்டன். கிம்லட்டுக்கு வச்ச கோடியல் போத்தல் குறையாமக் கிடந்தது, இப்ப மனிசி அதைத் தண்ணியில கரைச்சு பள்ளிக்கூடத்தால வாற பிள்ளையளுக்குக் குடுக்கிறா.