கேம்பர் வேனுக்கு ஏஜிஎம்மா, லித்தியமா?

சுங்கை சிப்புட் பக்கம் பழைய வேனில் படுக்கையும் ஃபிரிட்ஜும் வைத்து கேம்பர் வேனாக்குகிறவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது பேட்டரி விலையைத்தான். விலையில் ஏஜிஎம், அதாவது மூடிய வகை ஈய பேட்டரி, ஜெயிக்கும்.

ஆனால் அதன் மேல் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் மளமளவென்று குறையும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் (இங்கே லித்தியம் என்பது இதைத்தான்) 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும், மின்விசிறி தனி. நம்மூர் வெக்கையில் கம்ப்ரசர் ஓய்வதே குறைவு. விடிவதற்குள் ஏஜிஎம் முனகத் தொடங்கும். எடையும் பாருங்கள்: ஏஜிஎம் 30 கிலோவை நெருங்கும், லித்தியம் 12 கிலோ சொச்சம்.

வெக்கை என்றதும் இன்னொன்று. ஈய பேட்டரிக்குச் சொல்லும் ஆயுள் 25 டிகிரிக் கணக்கு. 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். செம்பனைத் தோட்டத்து ஓரம் மதியம் நிறுத்திய வேனுக்குள் கேட்கவே வேண்டாம். லித்தியத்துக்கும் சூடு ஆகாதுதான், ஆனாலும் கூடுதலாகத் தாங்கும். உறைபனியில் அதை சார்ஜ் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். கேமரன் மலையில்கூட அவ்வளவு குளிராது.

லித்தியம் என்றால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே வயர் இழுக்காதீர்கள். பேட்டரி மின்சாரத்தை அப்படியே உறிஞ்ச, ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடலாம். இடையில், மின்சாரத்தை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். அந்தச் செலவும் உண்டு.

மாதாமாதம் லுமுட் கடற்கரை என்று கிளம்பும் ஆளுக்கு லித்தியம்தான். பள்ளி விடுமுறைக்கு மட்டும் வண்டியை எடுப்பவருக்கு ஏஜிஎம் போதும், சரி, ஆனால் சும்மா நிற்கும் மாதங்களிலும் சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும்.