1990 மஸ்டாங்குக்கு அடியில் இரண்டு இரும்புக் குழாய்: எட்டு வருட அனுபவம்

எங்கள் வீட்டு டிரைவ்வே தெருவோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. நேராக ஏறினால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சாய்வாக, வலது முன்சக்கரம் முதலில் ஏறும்படி திருப்பினால் போதும், என் 1990 ஃபோர்டு மஸ்டாங்கின் பின்கதவுப் பக்கம் இருந்து ஒரு முனகல் வரும். மூட்டு தளர்ந்த மரக்கட்டிலில் யாரோ புரண்டு படுப்பது போல. கதவு ரப்பருக்கு கிரீஸ் தடவிப் பார்த்தேன். பூட்டை இறுக்கினேன். கீலை மாற்றினேன். முனகல் அப்படியே இருந்தது. கோளாறு கதவில் இல்லை, அந்தக் கதவு உட்காரும் ஓட்டையின் வடிவமே மேட்டில் ஏறும்போது மாறுகிறது என்று உறைக்க ஒரு முழுக் கோடைகாலம் ஆனது. அதற்கு வைத்தியமாகக் காருக்கு அடியில் வைத்த சப்ஃபிரேம் கனெக்டர் என்ற இரண்டு குழாய்களின் கதைதான் இது.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். இந்த வண்டியைத் தயாரித்த டியர்போர்ன் தொழிற்சாலை இருந்த இடம் இங்கிருந்து அரை மணி நேரம்தான். ஆனால் உள்ளூர் வண்டியை வாங்கவில்லை. இங்கே பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், இருபத்தைந்து வருடம் அதில் ஓடிய காரின் அடித்தகடு அப்பளம் மாதிரிதான் இருக்கும். தெற்கே டென்னசி மாநிலம் வரை போய் 2015இல் வாங்கி வந்தேன். எல்எக்ஸ் 5.0 ஹேட்ச்பேக், ஐந்து கியர். (5.0 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் எஞ்சின் 4,942 சிசி. நியாயமாக 4.9 என்றுதான் போட்டிருக்க வேண்டும். யார் கேட்பது?)

இந்தத் தலைமுறை மஸ்டாங் 1979 முதல் 1993 வரை வந்தது. அதன் அடித்தளத்துக்கு ஃபாக்ஸ் என்று பெயர். அது முதலில் வந்தது 1978 மாடல் ஃபேர்மான்ட் என்ற சாதுவான குடும்பக் காரில். காய்கறி வாங்கப் போகும் வண்டிக்கு வைத்த எலும்பின் மேல் 225 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

லாரிக்கு அடியில் பார்த்தால் முன்னிருந்து பின்வரை இரண்டு நீளச் சட்டங்கள் ஓடும். இதில் அப்படி இல்லை. முன்பக்கச் சட்டங்கள் இரண்டும் பம்பரில் கிளம்பி, கால் வைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் தரைத்தகட்டோடு கரைந்துவிடும். பின்பக்கச் சட்டங்கள் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால்தான் தொடங்கும். நடுவில் தாங்குவதெல்லாம் கதவுக்குக் கீழே உள்ள பெட்டி போன்ற விளிம்பு, கியர்பாக்ஸ் மேல் வளைந்த தகடு, மெல்லிய தரைத்தகடு, இவ்வளவுதான். கூரை இருக்கிறதே என்பீர்கள். இனிப்புக் கடை அட்டைப்பெட்டியை மூடியோடு பிடித்துத் திருகிப் பாருங்கள், மூடியைக் கழற்றிவிட்டுத் திருகிப் பாருங்கள். ஹேட்ச்பேக்கின் அந்தப் பெரிய பின்கதவு ஓட்டை பாதி மூடி கழற்றிய மாதிரி. அதே மஸ்டாங்கில் தனி டிக்கி வைத்த கூப்பே கொஞ்சம் கெட்டி. கூரையை மடித்துவிடும் கன்வெர்டிபிள் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திருகுவது எது என்று ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் முறுக்குவிசை 300 பவுண்டு அடி. முதல் கியர் விகிதம் 3.35. பெருக்கினால், பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நடுத்தண்டில் 1,000 பவுண்டு அடிக்கு மேல். அந்தத் தண்டு பின் ஆக்ஸிலை ஒரு பக்கம் உருட்டப் பார்க்கும், எஞ்சின் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொள்வது காரின் உடம்பு. துவைத்த வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவது போல. சிக்னலில் பச்சை விழும்போதெல்லாம் இந்தப் பிழிதல் நடக்கிறது.

முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் குழாய் வைத்து இணைப்பதுதான் சப்ஃபிரேம் கனெக்டர். பக்கத்துக்கு ஒன்று. அவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைக்குப் போனால் தலை சுற்றும். குட்டை, முழு நீளம், சதுரக் குழாய், வட்டக் குழாய், போல்ட் போடுவது, வெல்டிங் வைப்பது.

நான் முதலில் போல்ட் வகையைத்தான் எடுத்தேன், 2016இல், ஒருவர் கழற்றி விற்ற பழைய ஜோடி. வெல்டிங் என்றால் திரும்ப முடியாதே என்ற பயம் ஒரு காரணம், சோம்பல் இன்னொரு காரணம். ஒரு சனிக்கிழமை மதியத்தில் மாட்டிவிட்டேன். முதல் மாதம் பிரமாதம், முனகல் பாதிக்கு மேல் குறைந்தது. மூன்றாவது மாதம் இரண்டாம் கியரில் மிதித்தால் சீட்டுக்கு அடியில் ‘டக்’. போல்ட்டை இறுக்கினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி ‘டக்’. கழற்றிப் பார்த்தால் வட்டமாகத் துளைத்த ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. தப்பு போல்ட்டில் இல்லை. சட்டத்தின் தகடு மெல்லியது, அதில் துளை போட்டு இறுக்கினால் முழு விசையும் அந்தத் துளையின் ஓரத்தில்தான் விழும். தகடு கொஞ்சம் விலகும், விலகிய இடத்தில் போல்ட் ஆடும், ஆட ஆட ஓட்டை பெரிதாகும். தகட்டுக்கு உள்ளே குழல் வைத்து, இருபக்கமும் பட்டை வைத்து இறுக்கினால் நிற்கும் என்பவர்கள் உண்டு. அவ்வளவு பாடுபடுகிறவர் வெல்டிங்கே வைத்துவிடலாம் என்பது என் கட்சி.

அடுத்தது முழு நீள வகை, புதிது. இது முன்சட்டத்தின் முனையோடு நிற்காமல் அதன் அடியிலேயே கொஞ்ச தூரம் முன்னோக்கிப் போகும், நடுவில் சீட் போல்ட்டுகளோடு பிணைக்கும் குறுக்குத் தகடும் உண்டு. குட்டை வகை இரண்டு முனையைத்தான் பிடிக்கும், நீள வகை வழி முழுக்கப் பிடித்துக்கொண்டே போகும். குழாயின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். உயரம் கூடக்கூட வளையாமை பல மடங்கு ஏறும், ஆனால் அதே அளவு தரையை நோக்கி இறங்கவும் செய்யும். நான் எடுத்தது தகட்டோடு ஒட்டிப் போகிற மாதிரி. இரண்டும் சேர்ந்து முப்பது பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. எந்தக் கம்பெனி என்று கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள். உருப்படியான கம்பெனிகள் நான்கைந்து உண்டு, அவற்றுக்குள் வித்தியாசம் குறைவு. வித்தியாசமெல்லாம் வெல்டிங் வைக்கும் அன்றைக்குத்தான் வருகிறது.

முதலில் ஒரு பட்டறையில் கேட்டேன். 400 டாலர், இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு தூண் லிஃப்ட். வண்டியை உடம்பில் பிடித்துத் தூக்குவது, நான்கு சக்கரமும் தொங்கும். கோயம்புத்தூரில் இருந்து வந்து இங்கே கார் கம்பெனியில் வெல்டிங் லைனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரும் கூட வந்திருந்தார். காதோடு சொன்னார்: “வேண்டாமுங்ணா. தொங்கீட்டு இருக்கறப்ப வெல்டு வெச்சா, அந்தக் கோணல்லயே புடிச்சுக்கும். அப்பறம் கதவு சாத்தறதுக்குத் தோள் குடுக்கோணும்.” நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அவர் சொன்னதன் பின்னால் உள்ள சங்கதி இது. சக்கரம் தரையில் இருக்கும்போது காரின் எடை நான்கு மூலையில் தாங்கப்படுகிறது. இரண்டு தூணில் தூக்கினால் நடுவில் தாங்கி, கனமான எஞ்சின் முன்னால் தொங்கும். தளர்ந்த பழைய உடம்பு அந்தத் தொங்கலுக்கு வளைந்து கொடுக்கும். அந்த நிலையில் குழாயைப் பற்றவைத்தால் வளைவு நிரந்தரம். ஆகவே சக்கரத்தின் மேலேயே நிற்கும் நான்கு தூண் லிஃப்ட்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் சரிவுப் பலகை. நாங்கள் தேடிப் பிடித்தது நண்பரின் நண்பர் ஷெட்டில் ஒரு நான்கு தூண் லிஃப்ட். டாங்க்கில் பெட்ரோல் பாதி. டிரைவர் சீட் இடத்தில் என் எடைக்கு மண் மூட்டை வைக்கலாமா என்று கேட்டேன், சிரித்தார்கள்.

2017 செப்டம்பரில் ஒரு ஞாயிறு. முந்தின நாளே சீட் இரண்டையும் கழற்றி, கார்பெட்டை உரித்து, பாட்டரி இணைப்பைப் பிடுங்கி, எஞ்சின் கம்ப்யூட்டரின் சாக்கெட்டையும் உருவி வைத்திருந்தேன். கதவு இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து, வண்டி மேலேயே பேனாவால் எழுதினேன். அடியில் படுத்து, குழாய் உட்காரும் இடமெல்லாம் தார் போன்ற அடிப்பூச்சைச் சுரண்டி, கிரைண்டர் பிடித்து வெள்ளித் தகடு தெரியும் வரை தேய்த்தேன். நாள் முழுக்க இதற்கே சரியாகப் போனது. பெட்ரோல் குழாய் வலதுபக்கம்தான் ஓடுகிறது, ஃபில்டரும் வலது பின்சக்கரத்துக்கு முன்னால். அந்தப் பக்கத்துக்கு வெல்டிங் போர்வையை ஈரமாக்கிப் போர்த்தினோம்.

வெல்டிங் வைத்தது தம்பிதான். முதலில் எல்லா இடத்திலும் டாக் மட்டும், அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது. பிறகு ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்முனையில், பிறகு அடுத்த பக்கம். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு சுருங்கி இழுக்கும், மெல்லிய இடத்தில் ஓட்டையும் விழும். நான் உள்ளே தண்ணீர் ஸ்ப்ரேயோடு உட்கார்ந்து தரைத்தகட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்பெட்டை முழுக்க எடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நடு மேட்டோரம் ஒரு கையளவு அடிப்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சாக்கு கருகும் வாடை வந்தது, பிறகு ஒரு நூல் புகை, நான் ஸ்ப்ரேயைத் தேடுவதற்குள் சிவப்பாக ஒரு கண். உள்ளங்கையாலேயே அடித்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. தீயணைப்பான் வெளியே, கதவுக்கு அந்தப் பக்கம், அழகாக நின்றுகொண்டிருந்தது. அதைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஆறு மணி நேரம். ஆறிய பின் துத்தநாக பிரைமர், மூட்டுக்கு சீலர், மேலே கறுப்புப் பூச்சு. கதவு இடைவெளி நான்கும் எழுதி வைத்தபடியே இருந்தது.

என்ன மாறியது? டிரைவ்வே முனகல் அன்றைக்கே போனது. அதைவிட ஆச்சரியம் ஜாக்கி போடும்போது. முன்பெல்லாம் இடது முன்பக்கம் ஜாக்கி வைத்து உயர்த்தினால் அந்தக் கதவைத் திறந்து மூட முடியாது, நாக்கு கொக்கியில் சிக்காது. பின்சக்கரம் தரையை விட மனமில்லாமல் கிடக்கும். இப்போது முன்சக்கரம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பின்சக்கரமும் கிளம்புகிறது, கதவு வழக்கம்போல மூடுகிறது. குழாயின் மேலேயே ஜாக்கி வைக்கலாம் என்பது கூடுதல் லாபம், பழைய விளிம்பு நசுங்கும் கவலை இல்லை.

ஓட்டும்போது கண்டது கொஞ்சம் வேறு. ரயில்வே கிராசிங்கைச் சாய்வாகக் கடக்கும்போது முன்பு இரண்டு அதிர்ச்சி வரும்: ஒன்று சக்கரத்தில் இருந்து, அரை நொடி கழித்து டாஷ்போர்டும் கண்ணாடியும் சேர்ந்து நடுங்குவது. இப்போது முதலாவது மட்டும்தான். ஆனால் அது முன்பைவிடக் கூர்மையாக வருகிறது. மெத்தென்று ஆகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வண்டி வேகமாக ஆகவில்லை, வளைவில் பிடிப்பும் கூடவில்லை. ஸ்டீயரிங்கில் நடுவில் இருந்த லேசான ஆட்டம் அப்படியே இருக்கிறது. இன்னும் சொன்னால், உடம்பின் ஆட்டத்தில் மறைந்திருந்த மற்ற ஆட்டமெல்லாம் வெளியே வந்தது. பின் ஷாக் அப்சார்பர் செத்துக் கிடந்தது எனக்கு அதற்கு முன் தெரியவே தெரியாது. அடுத்த வருடம் மாற்றியபோது முதல் மைலிலேயே வித்தியாசம் புரிந்தது. ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் காசு போட்டுவிட்டு, கடைசியில் இதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பானட்டைத் திறந்ததும் பளபளவென்று தெரிகிற குறுக்குக் கம்பியை முதலில் மாட்டுகிறவர்கள் வேறு ஜாதி, அவர்கள் போட்டோவுக்காகச் செய்கிறார்கள்.

எட்டு சீசனில் சுமார் 19,000 மைல் ஓட்டியிருக்கிறேன். நவம்பரில் போர்வை போர்த்தினால் ஏப்ரலில்தான் எடுப்பேன். நான்காவது வருடம் இடது குழாயின் பின்முனையில் இருந்து டீக்கறை மாதிரி ஒரு ஒழுகல். வெளியே அவ்வளவு பூசிய நான் குழாயின் உள்ளே ஒன்றும் அடிக்கவில்லை. நீளமான குழல் வைத்த மெழுகு ஸ்ப்ரே வாங்கி இரண்டு முனையிலிருந்தும் அடித்தேன், அதன்பின் கறை இல்லை. மாட்டும் முன்பே அடித்திருக்க வேண்டும் என்றும் சொல்ல முடியாது, வெல்டிங் சூட்டில் எரிந்துவிடும். ஆறின மறுநாள் அடிப்பதே சரி. இன்னொரு தொல்லை சைலன்ஸர் குழாய். புது எக்ஸாஸ்ட் போட்டபோது வலதுபக்கம் கனெக்டரை உரசியது, தொங்கு ரப்பரை மாற்றித் தள்ளி வைத்தோம். வேகத்தடையில் இதுவரை இரண்டு முறை தட்டியிருக்கிறது, இரண்டும் பின்சீட்டில் ஆள் இருந்தபோது.

போன மே மாதம் இங்கேயே வாங்கிய 1992 மாடலோடு நண்பர் ஒருவர் வந்தார். குழாய் ஜோடியை ஏற்கெனவே வாங்கி டிக்கியில் வைத்திருந்தார், வெல்டிங்குக்குத் தம்பியைக் கூப்பிடச் சொன்னார். தம்பி வந்தார், லைட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்தார், பின்சட்டம் தொடங்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “எதுல வெல்டு வெக்கறதுங்ணா?” என்று கேட்டார். குழாய்கள் இன்னும் என் ஷெட்டில்தான் சாய்த்து வைத்திருக்கின்றன. நண்பர் இப்போது தரைத்தகட்டுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.